மைக் லீச்: ஒரு வெற்றி குறைந்த பயிற்றுநர்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆடப்படும் கால்பந்து நாமறிந்த உதைபந்தாட்டம் அல்ல. பந்தைக் கையில் ஏந்தி ஓடியோ எறிந்தோ முன்னேறும் ஆட்டம் அது. அதில் எறிதலையே பெரிதும் நம்பியவர் மைக் லீச் (1961–2022).

சட்டம் படித்த இவர் பல்கலைக்கழக அணி எதிலும் ஆடியதில்லை. 1989இல் அயோவா வெஸ்லியன் கல்லூரியில் தலைமைப் பயிற்றுநர் ஹால் மம்மியின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரானார். இருவரும் வளர்த்தெடுத்த முறையே 'ஏர் ரெய்ட்'. ஒருசில உத்திகளையே திரும்பத் திரும்பப் பழகி, மைதானத்தின் முழு அகலத்துக்கும் பரவி நின்று பந்தை எறிவது அதன் அடிப்படை. வலிமை குறைந்த அணிகளுக்கு அது கைகொடுத்தது.

2000இல் டெக்சாஸ் டெக் அணியின் தலைமைப் பயிற்றுநரானார். 2008இல், தரவரிசையில் முதலிடத்திலிருந்த டெக்சாஸ் அணியை 39–33 என வீழ்த்தினார். காயமடைந்த வீரர் ஒருவரை நடத்திய விதம் தொடர்பான முறைப்பாட்டையடுத்து 2009இல் பதவி நீக்கப்பட்டார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். பின்னர் வாஷிங்டன் ஸ்டேட், மிசிசிப்பி ஸ்டேட் அணிகளைப் பயிற்றுவித்தார்.

தலைமைப் பயிற்றுநராக 265 போட்டிகளில் 158 வெற்றிகள். புகழ் மண்டபத்தில் இடம்பெற 60 சதவீத வெற்றி தேவைப்பட்டது. இன்னும் ஒரு வெற்றி கிடைத்திருந்தால் போதும். அந்த எல்லை 59.5 ஆகக் குறைக்கப்பட்டது 2025இல்தான். அவரது ஆட்டமுறையோ அதற்கு வெகுமுன்பே நாடெங்கும் பரவிவிட்டிருந்தது.