ஸ்காட் இல்லத்தில் ஒரு வங்க மாணவன்

இரவீந்திரநாத தாகூரின் வாழ்க்கையை எழுதுவோர் அவருடைய முதல் இங்கிலாந்துப் பயணத்தைச் சுருக்கமாகவே கடந்து செல்வர். 1878இல் கப்பலேறினார், பாரிஸ்டர் ஆகவேண்டும் என்று அனுப்பப்பட்டவர் பட்டம் ஏதும் பெறாமல் 1880இல் திரும்பினார் என்பதோடு செய்தி முடிந்துவிடும். ஆயினும் அக்காலத்தில் அவர் இலண்டனில் ஓர் ஆங்கில மருத்துவரின் குடும்பத்தோடு வாழ்ந்த சில மாதங்கள் தனியே எண்ணிப் பார்க்கத்தக்கவை. அந்த வீட்டைப் பற்றி அவர் இரு பருவங்களில் எழுதியிருக்கிறார். இளமையில் ஊருக்கு அனுப்பிய கடிதங்களில் ஒருமுறை, ஐம்பது வயதில் எழுதிய 'ஜீவன்ஸ்மிருதி'யில் மறுமுறை. இரண்டும் ஒரே குரலில் பேசவில்லை.

புறப்பட்டபோது அவருக்கு வயது பதினேழு. இந்திய ஆட்சிப் பணியில் இருந்த அண்ணன் சத்யேந்திரநாதர் உடன் சென்றார். அண்ணி ஞானதாநந்தினி தேவி குழந்தைகளோடு ஏற்கெனவே பிரைட்டனில் இருந்தார். எனவே முதலில் கண்ட இங்கிலாந்து, அண்ணியின் சோறும் குழந்தைகளின் விளையாட்டும் கலந்த பாதி வங்காளமாகவே இருந்தது. இப்படியே இருந்தால் படிப்பு நடவாது என்று கண்ட குடும்ப நண்பர் தாரகநாத் பாலித் அவரை இலண்டனுக்கு அழைத்துச் சென்று, ரீஜண்ட் பூங்காவுக்கு எதிரே ஒரு வாடகை அறையில் விட்டார். கடுங்குளிர்காலம். இலையுதிர்ந்து நின்ற மரங்களைத் தவிர வேறு துணையில்லை. அடுத்துத் தங்கிய இடம் மாணவர்களுக்குப் பாடம் சொல்லித் தந்த பார்க்கர் என்பவரின் வீடு. அங்கே கணவனுக்கும் மனைவிக்கும் இணக்கமில்லை. மனைவி அருமையாக வளர்த்த நாயைத் துன்புறுத்தியே கணவர் அவர் மீதான சினத்தைத் தீர்த்துக்கொள்வாராம். அயல்நாட்டு இல்லறத்தை உள்ளிருந்து பார்த்த முதல் காட்சி அந்த இளைஞருக்கு இவ்வாறு வாய்த்தது.

இதற்கு முன்பே ஒரு கனவும் கலைந்திருந்தது. நூல்களின் வழியே அவர் அறிந்த இங்கிலாந்து அறிவின் தீவு. டென்னிசனின் யாழும், கிளாட்ஸ்டனின் நாவன்மையும், மாக்ஸ் முல்லரின் வேத விளக்கமும் அச்சிறு நிலத்தின் மூலைமுடுக்கெங்கும் ஒலித்துக்கொண்டிருக்கும் என்று எண்ணிச் சென்றதாக அவரே கடிதமொன்றில் எழுதுகிறார். சென்று பார்த்தால், பெண்கள் ஆடையணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தனர், ஆண்கள் தத்தம் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தனர். நூல்கள் வழியே மட்டும் ஒரு நாட்டை அறிந்து அங்கே போய் இறங்கும் மாணவர் எவருக்கும் நேரும் ஏமாற்றம் இது.

இந்நிலையில்தான் டாக்டர் ஸ்காட்டின் வீட்டில் அவருக்கு இடம் கிடைத்தது. தமிழில் 'விருந்து' என்ற சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதியவரே விருந்தினர். வருபவருக்கு வீடு புதிது, வீட்டாருக்கோ வருபவர் புதியவர். அச்சம் இருபுறமும் இருக்கும் என்பதை ஸ்காட் வீட்டு நிகழ்ச்சி காட்டுகிறது. இந்தியர் ஒருவர் தங்க வருகிறார் என்று கேள்விப்பட்டதும் மகள்களில் இருவர் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டனர். வந்தவரால் தீங்கொன்றும் இல்லை என்ற செய்தி எட்டிய பின்னரே திரும்பி வந்தனர். வந்தபின் மிக விரைவில் அவர்களே அவருக்கு நெருங்கிய தோழியராயினர்.

திருமதி ஸ்காட் அவரைத் தம் மகனைப் போல நடத்தினார். அவ்வம்மையாரின் அன்றாடத்தைத் தாகூர் கூர்ந்து கவனித்திருக்கிறார். கணவர் மாலையில் வீடு திரும்புமுன் கணப்பருகே சாய்வு நாற்காலியையும் காலணியையும் தம் கையாலேயே எடுத்து வைப்பார். காலையில் பணிப்பெண்ணோடு தாமும் மாடிப்படி ஏறி இறங்கி, பித்தளைப் பிடிகள் பளபளக்குமாறு துடைப்பார். ஒருநாள் மாலை, இளையவர்கள் கூடி மேசையின் மீது கைவைத்து ஆவியை அழைக்கும் விளையாட்டில் ஈடுபட்டிருந்தனர். மேசை நகர்ந்தது, அடுத்து எதைத் தொட்டாலும் நகர்ந்தது. இறுதியில் டாக்டரின் தொப்பியை எடுத்தபோது அம்மையார் பதறி ஓடிவந்து தடுத்தார். கணவர் அணியும் தொப்பி ஒரு நொடியேனும் சைத்தானின் வேலைக்குப் பயன்படுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. கணவன்மீது பக்தி இந்தியப் பெண்ணுக்கே உரியது என்று நாம் பெருமை பேசுகிறோம், இந்த அம்மையாரிடம் நான் வேறுபாடு எதையும் காணவில்லை என்பது 'ஜீவன்ஸ்மிருதி' தரும் தீர்ப்பு.

அந்த வீடு தந்த மற்றொரு கொடை இலக்கிய மாணவர்கள் அறிய வேண்டியது. மகள்களில் ஒருவர் வங்க மொழி கற்க விரும்பினார். ஆங்கில எழுத்துக்கூட்டலின் ஒழுங்கின்மையை எள்ளிய இளைஞர், எங்கள் மொழியில் அக்குழப்பம் இல்லை என்று பெருமையோடு பாடத்தைத் தொடங்கினார். கற்பிக்கப் புகுந்தபோதுதான் வங்கச் சொற்களும் எழுதுவது ஒன்று, ஒலிப்பது வேறொன்று என நிற்பது புலப்பட்டது. பழக்கத்தால் அது கண்ணில் படாதிருந்தது. 1879இல் அவர் சேர்ந்திருந்த யூனிவர்சிட்டி கல்லூரியின் நூலகத்தில் நண்பர் லோகேன் பாலித்தோடு அமர்ந்து அம்முரண்களுக்கு விதி தேடத் தொடங்கினார். 1909இல் 'சப்ததத்துவம்' என நூலாகிய அவருடைய மொழியியல் சிந்தனைக்கு வித்து அயல்மொழிப் பெண் ஒருவருக்குச் சொன்ன பாடமே. சொந்த மொழியைப் புறத்தே நின்று பார்க்க அவர் கற்றது அந்த வீட்டில்தான்.

இனிக் கடிதங்களுக்கு வருவோம். அண்ணன் துவிஜேந்திரநாதர் ஆசிரியராக இருந்த 'பாரதி' இதழில் அவை 1879 முதல் வெளிவந்தன. 1881இல் 'யூரோப் பிரபாசீர் பத்ர' என்று நூலாயின. எழுத்துநடையை விட்டுப் பேச்சு வழக்கில் எழுதப்பட்டவை என்பதால் வங்க உரைநடை வரலாற்றில் அவற்றுக்குத் தனியிடம் உண்டு. ஆனால் அன்று வீட்டைக் கலக்கியது நடையன்று, பொருள். ஆங்கிலப் பெண்கள் ஆண்களோடு கூசாமல் பழகுவதைப் புகழ்ந்தும், நம் பெண்களை அந்தப்புரத்தில் அடைப்பதைச் சாடியும் அவர் எழுதினார். ஆசிரியரான அண்ணனோ தம்பியின் கடிதத்துக்கு அடியிலேயே நீண்ட மறுப்புரை எழுதி அச்சிட்டார். சத்யேந்திரநாதரின் விடுப்பு முடிந்தபோது தந்தை தேவேந்திரநாதர் இளைய மகனையும் உடன் திரும்புமாறு பணித்தார். கடிதங்கள் கிளப்பிய கவலையும் இதற்கொரு காரணம் என்று கருதும் ஆய்வாளர் உண்டு. இளைஞரும் தயங்கவில்லை. தாய்நாட்டின் ஒளியும் வானமும் அவரை அழைத்துக்கொண்டிருந்தன.

முதிர்ந்த தாகூருக்கு அக்கடிதங்கள் உவப்பாக இல்லை. அவற்றை இளமையின் வீம்பு என்று ஒதுக்கினார். 1936இல் 'பாச்சாத்ய பிரமண்' தொகுதியில் சேர்த்தபோது பெரிதும் வெட்டிக் குறைத்தார். இங்கே வரலாற்று மாணவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இளைஞரைக் கவர்ந்தது ஆங்கிலப் பெண்களிடம் கண்ட சுதந்திரம். முதியவர் நினைவில் போற்றியதோ கணவனின் காலணியை எடுத்து வைத்த தாயின் பணிவு. ஸ்காட் வீட்டின் ஒரே கூடத்தில் இரண்டும் இருந்தன. முன்னது தம் நாட்டில் இல்லாததைத் தேடிய கண், பின்னது தம் நாட்டில் உள்ளதையே அங்கும் கண்டு ஆறுதல் கொண்ட கண். முதிர்ந்தவரின் தீர்ப்பையே இறுதி எனக் கொண்டால், அந்தப்புரக் கதவைத் தட்டிய அந்த இளங்குரல் வரலாற்றிலிருந்து விடுபட்டுப் போகும்.

விடைபெறும் நாளில் திருமதி ஸ்காட் அவருடைய கைகள் இரண்டையும் பற்றிக்கொண்டு, இவ்வளவு விரைவில் போவதானால் ஏன் வந்தாய் என்ற பொருள்படக் கேட்டுக் கண்ணீர் விட்டார். 1890இல் மீண்டும் இலண்டன் சென்ற தாகூர் அந்த வீட்டைத் தேடிப்போனார். கதவைத் திறந்தது அறிமுகமில்லாத முகம். ஸ்காட் குடும்பத்தினர் அங்கே இல்லை, வேறிடம் போய்விட்டனர்.