எடிட்டரும் கம்பைலரும் பிரிந்த வரலாறு

1964ஆம் வருஷம் மே மாதம் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்னும் இரு கணிதப் பேராசிரியர்கள் பேசிக் மொழியை அரங்கேற்றியபோது, நிரலை எழுதும் இடமும் இயக்கும் இடமும் ஒன்றாகவே இருந்தமையால், எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு என்ற வினா எழப் பிரமேயமே இல்லை.

அந்த ஐக்கியத்தைக் கலைத்தது, ஒரு காரியத்துக்கு ஒரு கருவி என்ற சித்தாந்தத்தைக் கைக்கொண்ட யூனிக்ஸ். எடிட்டர், கம்பைலர், லிங்கர் யாவும் தனித்தனியாயின; வேண்டியதை வேண்டியபடி மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் அதனால் கிடைத்தது. ஆனால் 'பாத்' என்ற மாறியில் எழுதியுள்ள டைரக்டரிகளை வரிசையாகத் தேடி, கேட்ட பெயரில் முதலில் அகப்படுவதையே இயக்குவது அங்குள்ள வழக்கமாதலால், டெர்மினலுக்கு ஒரு வரிசையும் எடிட்டருக்கு வேறொரு வரிசையும் அமைந்துவிட்டால், ஒரே கணினியில் ஒரே நிரலை இரண்டு கருவிகள் இரண்டு விதமாக வாசிக்கும் விபரீதம் நேர்ந்துவிடுகிறது. 1983இல் போர்லண்ட் வெளியிட்ட டர்போ பாஸ்கல் எடிட்டரையும் கம்பைலரையும் மறுபடி இணைத்தது. எனினும் அந்த இணைப்பு ஒரு மொழிக்கு மட்டுமே உரியது.

2008 டிசம்பரில் பைதான் 3 வெளிவந்த பிறகே, ஒரே நிரல் இரண்டு விதமாக வாசிக்கப்படும் அவ்விபரீதத்தின் முழு உருவம் புலப்பட்டது. ஏழை இரண்டால் வகுக்கச் சொன்னால் 3 என்று பழைய பைதானும், 3.5 என்று புதியதும் விடை தரும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. சிவப்புக் கோடிட்டு எச்சரிக்கும் பிழையைக் காட்டிலும் இந்த மௌனமே அபாயகரமானது என்பது என் திடமான அபிப்பிராயம். பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி முதல் நாளோடு முடிவுற்றது; அதுவரை பதினோரு வருஷங்களுக்கு மேலாக இரு பதிப்புகளும் அருகருகே வாழ்ந்தன.

2016இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி ஆகியவை அறிவித்த லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால், எடிட்டரும் மொழிக் கருவியும் உரையாடுவதற்கு ஒரு பொது முறையை வகுத்தது. ஆனால் எந்தப் பதிப்பை அழைப்பது என்பதை அது தீர்மானிப்பதில்லை. அத்தீர்மானத்தை ஒவ்வொருவரும் தத்தம் எடிட்டரின் அமைப்பில் மட்டும் எழுதிவைப்பது போதாது. நிரலோடு சேர்ந்தே அது பிரயாணம் செய்யவேண்டும். ரஸ்ட் மொழியினர் இதை உணர்ந்தே, திட்டத்தின் மூல டைரக்டரியில் 'ரஸ்ட்-டூல்செயின்' என்ற சிறு கோப்பை வைத்து, தேவையான பதிப்பை அதில் குறித்துவிடுகின்றனர். டெர்மினலிலிருந்து அழைத்தாலும் எடிட்டரிலிருந்து அழைத்தாலும் ரஸ்ட் பதிப்புகளை நிர்வகிக்கும் ரஸ்ட்அப் என்ற கருவி அக்கோப்பை வாசித்து அதே கம்பைலரையே நியமிக்கிறது.