எலும்புக் கூட்டில் அறிவு பூக்குமா?

உடல் ஓர் அழுக்கு மூட்டையாம். உயிரை அடைத்த சிறையாம். அதை வாட்டி வதைத்தால் உள்ளே ஒளி பிறக்குமாம்! எத்தனை நூற்றாண்டுகளாக ஓதி வந்தனர்! ஓதியவருள் பலர் உண்டு கொழுத்தவர் என்பதை ஈண்டு விரிக்கத் தேவையில்லை. கேட்டவன் பசித்தவன், அதை மட்டும் நாம் மறவாதிருப்போம்.

வதைத்துப் பார்த்த பின் தீர்ப்பளித்தவர் ஒருவரை வரலாறு காட்டுகிறது. அவரே புத்தர். உருவேலாவில் அவர் மேற்கொண்ட கடுந்தவத்தை மச்சிம நிகாயம் என்னும் பாலி நூல் ஒளிக்காமல் உரைக்கிறது. கையளவு பயற்றுச் சாறே உணவு. வயிற்றைத் தொட்டால் முதுகெலும்பு கையில் பட்டது. உடலைத் தடவினால் வேரழுகிய மயிர் உதிர்ந்தது. இலாகூர் அருங்காட்சியகத்தில் உள்ள காந்தாரச் சிலையில் அந்த விலா எலும்புகளை நாம் ஒவ்வொன்றாக எண்ணலாம். முடிவு என்ன? மெலிந்த உடலோடு தெளிந்த உள்ளம் பெறுவது எளிதன்று எனக் கண்டார். சோறும் கூழும் உண்டார். உடனிருந்த துறவியர் ஐவரும், 'சுகவாழ்வுக்குத் திரும்பிவிட்டார்' என்று வெறுத்து அகன்றனர். ஒரு கவளச் சோற்றுக்கு இத்தனை பழி! அவர் மெய்யுணர்ந்ததோ அந்தச் சோற்றுக்குப் பின்னரே.

"அது பழங்கதை, சான்று உண்டா?" என்று கேட்பார் கேட்கட்டும். அப்படிக் கேட்பது நமக்கும் வழக்கந்தானே!

1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர் 36 பேர் தம் உடலையே ஆய்வுக்கு அளித்தனர். போரினால் பட்டினியில் வாடும் மக்களைத் தேற்றும் வழியறிவதே நோக்கம். ஆன்செல் கீசு என்னும் அறிஞர் தலைமையில், 1945 இல் 24 வாரம் அரைப்பட்டினி; எடையில் ஏறத்தாழக் காற்பங்கு கரைந்தது. கொள்கை உறுதியில் எவர்க்கும் இளைத்தவரல்லர் அந்த இளைஞர். அவர்களுக்கு வாய்த்த ஞானம் யாது? தட்டை நக்கினர். சமையல் நூல்களைத் தேடிப் படித்தனர். நகைச்சுவை மறைந்தது, சினம் மிகுந்தது, நண்பரோடு பேசவும் மனமில்லை. வியப்பு ஒன்றுண்டு: அறிவுத்திறனை அளந்த சோதனைகளில் பெருவீழ்ச்சி தெரியவில்லை. ஆயினும் ஒன்றில் கருத்தூன்ற முடியவில்லை என்று அவர்களே முறையிட்டனர். அறிவு இருந்தது; அதை ஏவி வேலைவாங்கும் தெம்பு இல்லை! 1950 இல் இவையெல்லாம் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன.

அத்தொகுதிகளுக்கு முப்பதாண்டுகள் முன்னரே, 1920 இல், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி அளிக்க முடிவு செய்தது. மூளையற்ற பிள்ளைகள் என்று ஊரார் இகழ்ந்தவர்களின் முன்னே உணவு வைக்கப்பட்டது. செலவு, பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல்.