கணேஷ் – வசந்த் கதை வரிசை: குற்றமும் குறும்பும்

கணேஷ் – வசந்த் கதை வரிசை என்பது எழுத்தாளர் சுஜாதா (எஸ். ரங்கராஜன், 1935–2008) எழுதிய குற்றக் கதைகளின் தொகுதி. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், தம்புச் செட்டித் தெருவில் அலுவலகம் வைத்திருக்கும் வழக்கறிஞர் கணேஷும், அவருடைய இளைய வக்கீல் வசந்தும் இவற்றின் நாயகர்கள். கணேஷ் முதலில் வந்தது 1968-இல் ‘குமுதம்’ இதழில் தொடராக வெளியான ‘நைலான் கயிறு’ நாவலில். வசந்த் சில ஆண்டுகள் கழித்து ‘ப்ரியா’வில் வந்து சேர்ந்தார். பிறகு நாவல்களாகவும் குறுநாவல்களாகவும் சிறுகதைகளாகவும் வரிசை நீண்டது. ‘காயத்ரி’, ‘நிர்வாண நகரம்’, ‘ஐந்தாவது அத்தியாயம்’, ‘கொலையுதிர் காலம்’ ஆகியவை பரவலாக வாசிக்கப்படுபவை. கொலையையும் கேலியையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதும் முறை தமிழ் வார இதழ்களில் நிலைபெற்றது இந்த வரிசையால்தான். இதன் ஈர்ப்புக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் விறுவிறுப்பும் அறிவியல் தகவல்களும். அவை இரண்டும் துணைக் காரணங்களே. சிரிப்பு எங்கே அனுமதிக்கப்படுகிறது, எங்கே நிறுத்தப்படுகிறது என்பதில் இந்தக் கதைகள் காட்டும் கணக்கே முதற்காரணம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

முன்னோடிகளும் செட்டிநாட்டின் பங்கும்

தமிழில் துப்பறியும் கதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வேர்பிடித்துவிட்டது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் போன்றோர் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதி ஒரு வாசகக் கூட்டத்தை உருவாக்கினார்கள். அதன் பிறகு இரண்டு வழிகள் பிரிந்தன. ஒன்று தேவன் (ஆர். மகாதேவன், 1913–1957) ‘ஆனந்த விகடன்’ இதழில் 1940-களில் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’. வங்கிக் குமாஸ்தாவான சாம்பு அசட்டுத்தனத்தாலும் அதிர்ஷ்டத்தாலும் குற்றவாளியைப் பிடிப்பார். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மேதைமை என்று நம்புவார். அங்கே நகைச்சுவை உண்டு, அச்சம் இல்லை. மற்றொன்று தேவகோட்டையில் பிறந்த தமிழ்வாணன் (1926–1977) எழுதிய சங்கர்லால் கதைகள். தேநீரைக் குடித்தபடி யோசிக்கும் சங்கர்லால் தவறே செய்யாதவர். அவரைப் பார்த்து எவரும் சிரிக்க முடியாது. அங்கே அச்சமும் வீரமும் உண்டு, சிரிப்பு இல்லை. சாம்புவின் சிரிப்பையும் சங்கர்லாலின் ஆபத்தையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்ததுதான் கணேஷ் – வசந்த் வரிசை செய்த புதுமை.

இந்த வரலாற்றில் செட்டிநாட்டுக்குத் தனி இடம் இருக்கிறது. கொத்தமங்கலம், காரைக்குடி, தேவகோட்டை, சிறுவயல் என்று அடுத்தடுத்து அமைந்த ஊர்களைக் கொண்ட இந்த வட்டாரம் சென்னையின் அச்சுத் தொழிலுக்கும் திரைத்தொழிலுக்கும் ஆட்களையும் முதலையும் கொடுத்தது. சுஜாதாவின் முக்கியத் தொடர்களை வெளியிட்ட ‘குமுதம்’ இதழை 1947-இல் தொடங்கிய எஸ்.ஏ.பி. அண்ணாமலை செட்டிநாட்டுக்காரர். தமிழ்வாணன் ஆசிரியராக இருந்த ‘கல்கண்டு’ம் அதே நிறுவனத்தின் இதழ். பின்னாளில் ‘ப்ரியா’வைப் படமாக இயக்கிய எஸ்.பி. முத்துராமன் காரைக்குடிக்காரர், அதற்குத் திரைக்கதை எழுதிய பஞ்சு அருணாசலம் சிறுவயலைச் சேர்ந்தவர். மோசடியைக் கேலியாகப் பார்க்கும் பார்வை தமிழ்த் திரைக்கும் புதிதல்ல: ஆர்.கே. நாராயணின் கதையைக் கொத்தமங்கலம் சுப்பு இயக்கி, சம்பத் என்னும் ஏமாற்றுக்காரராக அவரே நடித்த ‘மிஸ் மாலினி’ 1947-இலேயே வந்துவிட்டது. ஆனால் அதில் ஏமாற்று உண்டே தவிரக் கொலை இல்லை. பிணம் கிடக்கும் இடத்தில் நகைச்சுவைக்கு என்ன வேலை என்ற கேள்வியை எதிர்கொள்ள வேண்டிய தேவை சுஜாதாவுக்குத்தான் வந்தது.

சிரிப்பு விழும் இடம்

அந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடை, வேலையை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுப்பது. ‘நைலான் கயிறு’ நாவலில் கணேஷ் தனி ஆள். வழக்கில் வாதாட வரும் வக்கீல். அந்த நாவலின் இருள், இடையிடையே வரும் ஒரு பெண்ணின் நாட்குறிப்பிலிருந்து பிறக்கிறது. உரைநடையில் கிண்டல் இருந்தாலும் அதைச் சொல்லத் தனி வாய் இன்னும் கிடைக்கவில்லை. வசந்த் வந்த பிறகே அந்த வாய் கிடைத்தது. கணேஷை ‘பாஸ்’ என்று அழைத்துக்கொண்டே அவருடைய கண்டிப்பைச் சீண்டுவார் வசந்த். கணேஷ் அதட்டி அடக்குவார். இந்தச் சீண்டலும் அடக்கலும் வெறும் சுவைக்காகச் சேர்த்தவை என்று தோன்றலாம். கூர்ந்து பார்த்தால் வேறொரு ஒழுங்கு புலப்படும். வசந்தின் கேலி கொல்லப்பட்டவர் மேல் அரிதாகவே விழுகிறது. கொலையைச் சுற்றிக் கூடும் ஏற்பாடுகளின் மேல்தான் விழுகிறது: பணக்கார வீட்டின் பாசாங்கு, போலீஸின் மெத்தனம், நீதிமன்றத்தின் வாய்தாக்கள், பத்திரிகைகளின் பரபரப்பு. விஷயம் இறந்தவரின் வலிக்கு அருகே வரும்போது கணேஷின் அதட்டல் கேட்கிறது. எதைப் பார்த்துச் சிரிக்கலாம், எதைப் பார்த்துக் கூடாது என்ற எல்லைக்கோடு இப்படி ஒவ்வொரு காட்சியிலும் புதிதாக வரையப்படுகிறது.

‘நிர்வாண நகரம்’ இந்த ஒழுங்குக்குச் சிறந்த சான்று. சென்னை நகரம் தன்னை மதிக்கவில்லை என்று கருதும் படித்த இளைஞன் ஒருவன், கொலைகளுக்குப் பொறுப்பேற்றுக் கடிதங்கள் எழுதிப் புகழ் தேடுகிறான். இந்தக் கரு அடிப்படையில் ஒரு கசப்பான நகைச்சுவை. வேலையும் அன்பும் பெயரும் கொடுக்காத நகரம், கொலைகாரன் என்று சொன்னதும் அவனைத் திரும்பிப் பார்க்கிறது. வாசகர் சிரிக்கிறார், சிரித்த கையோடு, அந்த இளைஞனுடைய மனக்குறையில் நியாயமும் இருக்கிறதே என்று சங்கடப்படுகிறார். ‘ஐந்தாவது அத்தியாயம்’ கேலியைத் தொடர்கதையின் மீதே திருப்புகிறது. தன் வாழ்க்கையை ஒத்த தொடர்கதை ஓர் இதழில் வருவதாகவும், அடுத்த அத்தியாயத்தை எண்ணி நடுங்குவதாகவும் ஒரு பெண் வக்கீல்களிடம் வருகிறார். அடுத்த வாரம் யார் சாவார் என்று ஆவலோடு காத்திருக்கும் வாசகப் பழக்கமே இங்கே விசாரணைக்கு உள்ளாகிறது. ‘காயத்ரி’யில் ஒரு பெண் எழுதி வைத்த பக்கங்கள் பழைய காகிதத்தோடு எழுத்தாளர் சுஜாதாவின் கைக்கே வந்து சேர்கின்றன, அவர் வழியாக அவை கணேஷ், வசந்தை எட்டுகின்றன. எழுத்தாளரே தன் கதைக்குள் நுழையும் குறும்பு அது. ஆனால் அந்தப் பக்கங்களில் இருப்பது ஒரு பெண்ணின் உயிர்ப்பயம். குறும்பான வாசல் வழியாக நுழைந்தவர், உள்ளே போனபின் சிரிக்க முடியாமல் நிற்கிறார்.

வார இதழும் குரலும்

இந்த முறை வெற்றி பெற்றதற்கு வெளியீட்டு வடிவமும் ஒரு காரணம். இருபது வாரங்களுக்கு மேல் நீளும் தொடரில், மூன்றாம் வாரத்தில் சொன்ன தடயத்தைப் பதினெட்டாம் வாரத்தில் நினைவில் வைத்திருப்பவர் குறைவு. புதிர் மறந்துபோகும், குரல் மறக்காது. வசந்தின் பேச்சு, கணேஷின் ஒற்றைச் சொல் பதில், படியிறங்குவதை எழுத்துகளையே படிகளாக அடுக்கிக் காட்டும் சுஜாதாவின் அச்சு விளையாட்டு, ஓவியர் ஜெயராஜின் படங்கள் ஆகியவையே வாசகரை அடுத்த வாரத்துக்குக் கூட்டிச் சென்றன. வசந்த் சொல்லத் தொடங்கி ஒருபோதும் முடிக்காத ‘மெக்ஸிகோ சலவைக்காரி’ ஜோக் இதற்கு உச்ச உதாரணம். கொலைப் புதிர் ஒவ்வொரு நாவலிலும் அவிழ்ந்துவிடும். இந்த ஜோக் மட்டும் கதைக்குக் கதை அவிழாமல் நீடித்தது. குற்றத்தின் மர்மத்தைவிட நகைச்சுவையின் மர்மம் வாசகர்களை அதிக காலம் காக்க வைத்தது என்பது, இந்த வரிசையின் ஆணிவேர் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது.

அயர்லாந்தின் கறுப்பு நகைச்சுவைக் குற்ற நாவல்களோடு ஒப்பிட்டால் இந்த வரிசையின் தனித்தன்மை தெளிவாகும். கொலின் பேட்மன் 1995-இல் வெளியிட்ட ‘டிவோர்சிங் ஜாக்’ நாவலில் பெல்ஃபாஸ்ட் பத்திரிகையாளர் டான் ஸ்டார்க்கி நாயகர். கென் புரூவன் 2001-இல் தொடங்கிய வரிசையில் கால்வே நகரின் முன்னாள் போலீஸ்காரர் ஜாக் டெய்லர். குண்டுவெடிப்பும் மதப் பகையும் அன்றாடமாகிவிட்ட வட அயர்லாந்தை முன்னவரும், குடியும் வீழ்ச்சியுமாக நகரும் வாழ்க்கையைப் பின்னவரும் எழுதினார்கள். அங்கே சிரிப்பவரும் காயப்படுபவரும் ஒருவரே; தோற்றவரின் தற்காப்பு அந்தச் சிரிப்பு. சுஜாதாவிடம் சிரிப்பு இளையவருக்கும் பொறுப்பு மூத்தவருக்கும் பங்கிடப்படுகிறது. மூத்தவர் முன்னால் இளையவர் வாய் திறக்கத் தயங்கும் குடும்பங்களிலும் அலுவலகங்களிலும் வளர்ந்த வாசகர்களுக்கு, ‘பாஸ்’ என்று சொல்லிக்கொண்டே பாஸைக் கலாய்க்கும் ஒருவர் கிடைத்தது பெரிய விடுதலையாகவே இருந்திருக்கும்.

மறுப்புகள்

இந்த நிலைப்பாட்டுக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, இது ஆங்கிலச் சரக்கு என்பது. வக்கீலே துப்பறிவது ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் பெரி மேசன் கதைகளில் 1933-இலிருந்து வந்த வழக்கம். இருவர் கூட்டணிக்கு ஷெர்லக் ஹோம்ஸ் – வாட்சன் முன்மாதிரி. வடிவக் கடன் உண்மைதான். ஆனால் வாட்சன் கதையைச் சொல்பவர், வியப்பவர். வசந்த் கதையைச் சொல்வதும் இல்லை, வியப்பதும் அரிது. மேசன் கதைகள் நீதிமன்ற வெற்றியில் உச்சம் காண்பவை. ‘கொலையுதிர் காலம்’ அப்படியொரு முழு வெற்றியைத் தர மறுக்கிறது. ஆவியா, அறிவியல் கருவியின் மாயமா என்ற வழக்கில் கணேஷ் அறிவியலின் பக்கம் நிற்க, வசந்தின் ஐயம் கடைசிவரை தீர்வதில்லை. கேலிக்காரரே அமானுஷ்யத்தை நம்பத் தயங்காதவராக இருப்பது அந்த நாவலின் நுட்பமான திருப்பம்.

இரண்டாவது மறுப்பு, சாவைக் கேலியோடு கலப்பது மரணத்தை மலிவாக்குகிறது என்பது. கொலையை மிகைக் கண்ணீரோடு எழுதும் கதைகளும் அதே அளவுக்கு அதை மலிவாக்கியிருக்கின்றன. அழுகை என்பதனாலேயே எழுத்து நேர்மையாகிவிடாது. கேலி எங்கே போய் விழுகிறது என்பதுதான் கேள்வி. மேலே கண்டபடி இந்த வரிசையின் நல்ல கதைகளில் அது பெரும்பாலும் அதிகாரத்தின் மேலும் பாசாங்கின் மேலும் விழுகிறது. அந்த ஒழுங்கு தளர்ந்து, புதிரை மட்டும் நம்பி அவசரமாக முடிக்கப்பட்ட கதைகளும் உண்டு. அவை இந்த வரிசையின் பலவீனமான பகுதி. அவற்றை வைத்து முழு வரிசையையும் எடைபோட முடியாது.

மூன்றாவது மறுப்பு வலுவானது. வசந்தின் பேச்சில் பெண்களைப் பற்றிய இரட்டை அர்த்தமும் உடல் வருணனையும் மிகுதி. அது பாத்திரத்தின் குணம், கணேஷ் கண்டிக்கிறார் என்று வாதாடலாம். ஆனால் பல இடங்களில் கதை சொல்லும் குரலே அந்தப் பார்வையைப் பகிர்ந்துகொள்கிறது. அங்கே கணேஷின் கண்டிப்பு வெறும் சடங்காகிவிடுகிறது. பெண்ணின் எழுத்தையே கதையின் உந்துவிசையாக்கிய ‘நைலான் கயிறு’ம் ‘காயத்ரி’யும் இந்தக் குற்றச்சாட்டைச் சற்றுத் தணிக்கின்றன, முற்றிலும் நீக்கவில்லை. சிரிப்பின் எல்லையை இவ்வளவு கவனமாக வரைந்த எழுத்தாளர், இந்தப் பக்கத்தில் மட்டும் வேலியைத் திறந்துவிட்டார் என்பதே நியாயமான தீர்ப்பு. இன்றைய வாசகருக்கு இந்த வரிசையில் பழையதாகத் தோன்றும் பகுதியும் இதுவே.

திரைப்படங்களும் பின்வந்தவர்களும்

ஈர்ப்பின் மையம் கதைக்கருவில் இல்லை, குரலில்தான் என்பதற்குத் திரைப்படங்கள் மறைமுகச் சான்று. ‘காயத்ரி’ 1977-இல் ஆர். பட்டாபிராமன் இயக்கத்திலும், ‘ப்ரியா’ 1978-இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கத்திலும் படங்களாயின. நாவலின் லண்டன் ‘ப்ரியா’ படத்தில் சிங்கப்பூர் ஆனது. கணேஷாக ரஜினிகாந்த் நடித்தார். கணேஷ் நட்சத்திர நாயகரானதும், அதட்டும் மூத்தவருக்கும் அடங்காத இளையவருக்கும் இடையிலான இழுபறிக்குத் திரையில் வேலை குறைந்துபோனது. படம் ஓடியது, ஆனால் இந்த இரட்டையரைத் தமிழர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பது அச்சுப் பக்கத்தின் வழியாகத்தான். எழுத்திலோ அந்த முறை பரவியது. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா, சுபாவின் நரேந்திரன் – வைஜெயந்தி ஆகிய ஜோடிகளின் சீண்டல் பேச்சு, 1980-களின் மாத நாவல்களில் இந்த மரபையே காதல் கலந்து தொடர்ந்தது.

மதிப்பீடு

புதிரின் கட்டுமானத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் கணேஷ் – வசந்த் கதைகளை மிஞ்சும் குற்றக் கதைகள் தமிழிலேயே உண்டு. நகைச்சுவையை மட்டும் வைத்துப் பார்த்தால் தேவன் உயரத்தில் நிற்கிறார். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி, ஒன்று மற்றொன்றைத் தணிக்கை செய்யும்படி எழுதியதில் சுஜாதாவுக்கு நிகர் இல்லை. புதிதாக வாசிக்க வருபவர் ‘நைலான் கயிறு’, ‘ப்ரியா’, ‘நிர்வாண நகரம்’, ‘கொலையுதிர் காலம்’ என்ற வரிசையில் படித்தால், தனி ஆளாக வந்த வக்கீல் இரட்டையரானதையும், அதனால் கொலைக் கதையின் தொனியே மாறியதையும் தெளிவாகக் காணலாம்.