கப்பலேறியோரின் வம்ச வழி

எழுதப் படிக்க அறியாத எளியோரின் வரலாறு, பெரும்பாலும் பிறர் கைப்பட எழுதிய ஏடுகளிலேயே எஞ்சி நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவிரிப் படுகையை விட்டுக் கடல் கடந்த உழவர்களின் குடும்ப வரலாறு அத்தகையது.

அந்நாளில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்று குடியேறியவரின் முன்னோரைத் தேடுவோர்க்குச் சான்றுகள் பல உண்டு. ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நான ஏடு, 1837 முதலான அரசின் பிறப்பு இறப்புப் பதிவு, 1820 முதலான அமெரிக்கக் கப்பற்பயணிகள் பட்டியல் ஆகியன வழிகாட்டும். தஞ்சைத் தரணியின் பண்ணையாளுக்கோ அத்தகைய பேறு வாய்க்கவில்லை. கல்வெட்டு கொடையாளரைப் போற்றியது. நிலக்கணக்கு மிராசுதாரரைக் குறித்தது. 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு தலைகளை எண்ணியதேயன்றிப் பெயர்களைக் காத்துவைக்கவில்லை. 1771இல் தனிப்பங்கான வேளாங்கண்ணி போன்ற இடங்களின் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மட்டும் ஞானஸ்நான, திருமண ஏடுகள் துணையாயின.

ஊரில் இருந்தவரைக்கும் எழுதப்படாத பெயர், ஊரை விட்ட அன்று எழுதப்பட்டது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் ‘ட்ரூரோ’ கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை சென்னையிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் நேட்டால் சென்றோர் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தந்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உயரம், உடலிலுள்ள தழும்பு வரை குறித்தனர். கூலியாளை அடையாளங்கண்டு பிடித்து நிறுத்த எழுதிய குறிப்பே இன்று பேரர்க்கு வம்ச ஏடாகியிருப்பது காலத்தின் விந்தை.

அவ்வேட்டைப் படிப்பது எளிதன்று. எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினார். முனுசாமி ‘மூன்சாமி’ ஆனார். தந்தையின் பெயர் பின்வந்தோர்க்குக் குடும்பப் பெயராக உறைந்தது. புத்தூர் என்னும் பெயரில் ஊர்கள் பல. நன்னிலமா, மன்னார்குடியா என்று தாலுகாவைப் பார்த்தே தெளிதல் வேண்டும்.

நாகைத் துறையிலிருந்து மலாயா சென்றோரின் நிலை வேறு. கங்காணி முறையில் எழுத்து ஒப்பந்தம் இல்லை. முன்பணக் கடனே கட்டியிழுத்தது. நாகையை அடுத்த பாப்பாக்கோவில் முகாமில் தங்கிக் கப்பலேறியோர் எண்ணற்றோர். அரசு 1938இல் இதனைத் தடுத்தது. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ மட்டும் 1973 வரை அக்கரைக்கும் இக்கரைக்கும் பாலமாயிருந்தது. இக்குடும்பங்களுக்குக் குலதெய்வத்தின் பெயரும், வேண்டுதலும், பாட்டி சொன்ன ஊர்ப்பெயருமே சான்று.

ஊர்ப்பெயரின் ஆற்றலுக்குத் தில்லையாடி வள்ளியம்மையே சாட்சி. அவர் 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தார். சத்தியாக்கிரகத்தில் சிறைசென்று, 1914 பிப்ரவரி 22 அன்று அம்மண்ணிலேயே மறைந்தார். எனினும் பெற்றோரின் ஊர் அவர் பெயருக்கு முன் நிலைத்தது. 1915இல் காந்தியடிகளைத் தில்லையாடிக்கு அழைத்துவந்ததும் அவ்வூர்ப்பெயரே.

கடல் கடந்த ஏடு, வம்சக் கயிற்றின் ஒரு முனையே. மறுமுனை, ‘அக்கரைச் சீமைக்குப் போனவர்’ என்று இன்னும் நினைவுகூரும் இவ்வூர் முதியோரிடம் உள்ளது. அவர்கள் நாவிலுள்ள பெயர்களை ஏட்டில் ஏற்றுவது, சொல்லைப் போற்றுவோர் உடன் செய்யத்தக்க தொண்டாகும்.