சென்ஸஸ்ல பேர் இல்லாத பாட்டனைத் தேடுறது எப்படி

போன மாசம் குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு வந்திருந்த சென்னைச் சொந்தக்காரப் பையன் ஒருத்தர் கேட்டாருங்க. "மாமா, வெள்ளைக்காரன் எல்லாத்தையும் எழுதி வெச்சவனாச்சே. 1881லயே சென்ஸஸ் எடுத்திருக்கான். அதுல நம்ம ஊரைத் தேடினா பாட்டன், பூட்டன் பேரெல்லாம் கிடைச்சிருமில்ல?"

டவுன்ல இருக்கிறவங்க நிறையப் பேருக்கு இந்த நினைப்பு இருக்கு. வெளிநாட்டுக்காரங்க அவங்க கொள்ளுத்தாத்தா இருந்த தெரு, வீட்டு நம்பர், செஞ்ச தொழில் வரைக்கும் சென்ஸஸ்ல இருந்து எடுத்துப் போடுறதைப் பார்த்திருப்பீங்க. நமக்கும் அப்படி இருக்கும்னு தோணுறது நியாயந்தான். ஆனா நமக்கு அது இல்லீங்க. ஏன் இல்ல, அதுக்குப் பதிலா என்ன இருக்குங்கறதைத்தான் இன்னிக்கு எழுதப் போறேன்.

சென்னை மாகாணத்துல 1850கள்ல இருந்தே அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ரெவின்யூ ஆளுங்க ஜனக்கணக்கு எடுத்துட்டு இருந்தாங்க. 1871ல பெரிய கணக்கு எடுத்தாங்க. இந்தியா முழுக்க ஒரே நாள்ல எடுத்தது 1881 பிப்ரவரி 17. அதுக்கப்புறம் 2011 வரைக்கும் பத்து வருஷத்துக்கு ஒருக்கா தவறாம நடந்துச்சு. வீட்டுக்கு வீடு நம்பர் போட்டு, கணக்குப்பிள்ளையும் வாத்தியாரும் முன்னாடியே போய் எழுதி வெச்சுக்குவாங்க. குறிச்ச நாள் ராத்திரி மறுபடி வீடு வீடாப் போய், யாரு பொறந்தா, யாரு செத்தா, யாரு விருந்தாளியா வந்திருக்காங்கன்னு சரி பார்ப்பாங்க. இதுக்குன்னே நிலா வெளிச்சம் இருக்கிற நாளா, கல்யாண முகூர்த்தமும் திருவிழாவும் இல்லாத நாளாப் பார்த்துக் குறிப்பாங்க.

அப்ப பேர் எழுதினது நிசம். ஆனா சர்க்காருக்கு வேண்டியது பேர் இல்ல, எண்ணிக்கை. எத்தனை ஆம்பளை, எத்தனை பொம்பளை, எந்த சாதி, எந்தத் தொழில், எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்னு கூட்டிப் பெரிய பெரிய புத்தகமாப் போட்டாங்க. கூட்டி முடிச்சதும் பேர் எழுதின தாளுங்களைக் கழிச்சுட்டாங்க. நம்ம பாட்டனை எண்ணுனாங்க, ஆனா பேரை வெச்சுக்கல. சுதந்திரத்துக்கு அப்புறம் வந்த 1948ஆம் வருஷத்து சென்ஸஸ் சட்டத்துலயும், தனி ஆளோட சென்ஸஸ் பதிவை யாரும் பார்க்க முடியாது, கோர்ட்டுல சாட்சியமாவும் காட்ட முடியாதுன்னு இருக்கு. அதனால இந்தக் கதவு நமக்கு மூடினதுன்னு வெச்சுக்குங்க.

நமக்கு மட்டுந்தான் இப்படின்னு வருத்தப்பட வேண்டாம். அமெரிக்காவுல 1890ஆம் வருஷத்து சென்ஸஸ் 1921ல வாஷிங்டன்ல தீப்பிடிச்சுப் பெரும்பாலும் போயிருச்சு. இங்கிலாந்துல 1931 சென்ஸஸ் தாளுங்க 1942 டிசம்பர்ல எரிஞ்சு போச்சு. 1941ல சண்டைக் காலம், அங்க சென்ஸஸே எடுக்கல. அயர்லாந்து கதை இன்னும் மோசம். 1861, 1871 தாளுங்களை சர்க்காரே அழிச்சது. 1881, 1891 தாளுங்களை முதல் உலகப் போர் நேரத்துல கூழாக்கிட்டாங்க. அதுக்கு முந்தின 1821ல இருந்து 1851 வரைக்குமான தாளுங்க, 1922ல டப்ளின்ல உள்நாட்டுச் சண்டை நடந்தப்ப ஆவணக் காப்பகத்தோட சேர்ந்து பெரும்பாலும் எரிஞ்சு போச்சு.

அயர்லாந்துக்காரங்க அதுக்காகச் சும்மா இருந்திரல. நிலவரிக் கணக்கைப் பிடிச்சாங்க. 1847ல இருந்து 1864 வரைக்கும் ரிச்சர்ட் கிரிஃபித்ங்கிறவர் தலைமையில அந்த நாடு முழுக்க நிலத்தையும் வீட்டையும் வரிக்காக மதிப்புப் போட்டாங்க. யார் நிலம், யார் குடியிருக்கா, எத்தனை ஏக்கர்னு அதுல பேரோட இருக்கு. இன்னிக்கு அயர்லாந்து வம்சாவளி தேடுறவங்க முதல்ல போறது அந்தக் கணக்குக்குத்தான்.

இதைப் படிச்சப்ப எனக்குத் தோணுனது இதுதாங்க: அந்த மாதிரி கணக்கு நம்மகிட்டயும் இருக்கே! ஜனத்தை எண்ணித் தாளைக் கழிச்ச அதே சர்க்கார், வரி குடுக்கிறவன் பேரைப் பத்திரமா வெச்சிருந்துச்சு.

எங்க பக்கம் ரயத்துவாரி. 1799ல திப்பு விழுந்ததும் கோயமுத்தூர்ச் சீமை கும்பினி கைக்கு வந்துச்சு. நடுவுல ஜமீன் இல்லாம ஒவ்வொரு குடியானவன் பேர்லயும் பட்டா. பிற்பாடு சர்வே பண்ணி செட்டில்மெண்ட் ரிஜிஸ்டர் எழுதினாங்க. சர்வே நம்பர், புஞ்சையா நஞ்சையா, விஸ்தீரணம், தீர்வை, பட்டாதாரர் பேர் எல்லாம் அதுல வரும். 1979ல இருந்து 1987 வரைக்கும் யூ.டி.ஆர். திட்டத்துல எல்லாத்தையும் திருத்தி எழுதினாங்க. நீங்க தேடும்போது பின்னாடி இருந்து முன்னாடி போகணும். இப்ப இருக்கிற பட்டாவுல சர்வே நம்பரைப் பிடிங்க. யூ.டி.ஆர். 'அ' பதிவேட்டுல அதே நிலம் யார் பேர்ல இருந்துச்சுன்னு பாருங்க. அங்க பழைய சர்வே நம்பர் கிடைக்கும். அதை வெச்சு அதுக்கு முந்தின செட்டில்மெண்ட் பதிவேட்டுக்குப் போங்க. ஆள் மாறுனாலும் நிலம் நகராது பாருங்க, அதுதான் நமக்குப் பிடிமானம். பழைய பதிவேடுக தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ், எழும்பூர்ல இருக்கிற தமிழ்நாடு ஆவணக் காப்பகம்னு பிரிஞ்சு கிடக்கும்.

ஜமீன் ஊர்க்காரங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். உங்க பாட்டன் பேர் ஜமீன் கணக்குலதான் இருந்திருக்கும். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு அப்புறம்தான் அங்க ரயத்துவாரி செட்டில்மெண்டே நடந்துச்சு.

ஜில்லா, தாலுகா மாறினதையும் கவனிங்க. தாராபுரம் முன்னாடி கோயமுத்தூர் ஜில்லா. 1979ல ஈரோட்டுக்குப் போச்சு. 2009ல திருப்பூருக்கு வந்துச்சு. கரூர் 1910 வரைக்கும் கோயமுத்தூர் ஜில்லாவுலதான் இருந்துச்சு, அப்புறம் திருச்சிக்குப் போச்சு. இன்னிக்கு இருக்கிற ஜில்லா பேரை வெச்சுத் தேடினா "இல்லை"ன்னுதான் பதில் வரும். பதிவேடு எழுதின காலத்துல ஊர் எந்த ஜில்லாவுல இருந்துச்சோ அதைச் சொல்லித் தேடணும்.

அடுத்தது பத்திரம். பத்திரப் பதிவு 1865ல இருந்தே சட்டப்படி நடக்குது. பழைய கிரயப் பத்திரத்துல எழுதிக் குடுத்தவர், வாங்கினவர், ரெண்டு பேரோட அப்பா பேர், ஊர், தொழில் எல்லாம் இருக்கும். சப்ரிஜிஸ்தர் ஆபீஸ்ல சொத்து வாரியா ஒரு அட்டவணை இருக்கிற மாதிரி, ஆளுங்க பேர் வாரியாவும் ஒண்ணு உண்டு. சர்வே நம்பர் தெரியலைன்னாலும் பேரை வெச்சுத் தேடித் தரச் சொல்லி மனுப் போடலாம். 1975க்குப் பிந்தின வில்லங்கத்தைப் பெரும்பாலும் கம்ப்யூட்டர்லயே பார்த்துக்கலாம்.

பத்திரத்துல எல்லாரும் தாண்டிப் போற இடம் நான்கெல்லை. "இன்னார் புஞ்சைக்கு வடக்கு, இன்னார் கிணத்துக்குக் கிழக்கு"ன்னு எழுதியிருக்கும் பாருங்க, அங்கதான் எங்க அப்பாரோட அப்பாரு பேர் எனக்குக் கிடைச்சுது. அது எங்க பத்திரம் இல்ல, பக்கத்துக் காட்டுக்காரங்க பத்திரம். அவங்க வித்த காட்டுக்குத் தெற்கெல்லையா எங்க பாட்டன் பேர், அப்பா பேரோட எழுதியிருந்துச்சு. அதனால உங்க வீட்டுப் பெட்டியைத் தேடினா மட்டும் பத்தாது, அக்கம்பக்கத்துப் பெட்டியையும் கேட்கணும்.

பொறப்பு, இறப்புக்குத் தனிக் கணக்கு உண்டு. 1899ல சென்னை மாகாணத்துக்குன்னு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்துச்சு. ஊர் மணியக்காரர்தான் எழுதுவார். குழந்தைக்குப் பேர் வெக்கிறதுக்கு முன்னாடியே எழுதிடுறதால பேர் இருக்க வேண்டிய இடம் காலியா இருக்கும். "ஆண்", "பெண்"ணுன்னு மட்டும் இருக்கும். அதனால குழந்தை பேரைத் தேடாம அப்பா பேரைத் தேடணும். 1980ல பரம்பரை மணியக்காரர், கர்ணம் வேலையை எடுத்தப்ப கணக்கெல்லாம் கை மாறுச்சு. அதுல வந்து சேராத நோட்டு சிலது பழைய கர்ணம் வீட்டுப் பரண்ல இன்னமும் இருக்கலாம். மரியாதையாப் போய்க் கேட்டுப் பாருங்க.

பேர்ல ஒரு எச்சரிக்கை. நம்ம வழக்கத்துல பாட்டன் பேரைத்தான் பேரனுக்கு வெப்போம். பேரன்ங்கிற சொல்லே பெயரன்தானே. அதனால பதிவேட்டுல ராமசாமி மகன் பழனிச்சாமி, பழனிச்சாமி மகன் ராமசாமின்னு மாறி மாறி வந்துட்டே இருக்கும். ரெண்டு ராமசாமியும் ஒருத்தர்னு எடுத்துக்கிட்டா நடுவுல ரெண்டு தலைமுறை காணாமப் போயிரும். வருஷத்தைப் பக்கத்துல குறிச்சு வெச்சுத்தான் பிரிக்கணும். அதே வழக்கத்துல நல்லதும் இருக்கு. பாட்டன் பேர் தெரியாட்டியும், மூத்த பேரன் பேரை வெச்சு ஒரு ஊகத்துக்கு வரலாம். ஊகத்தை ஊகம்னே எழுதி வெக்கணும், அவ்வளவுதான்.

வருஷக் கணக்குக்குப் பெரியவங்க பேச்சைக் கவனிங்க. "தாது வருஷப் பஞ்சத்துல கைக்குழந்தை"ன்னா 1876-77. "விஷக் காய்ச்சல் வந்தப்ப செத்தாங்க"ன்னா 1918ஆ இருக்கலாம், அது காளயுக்தி வருஷம். தமிழ் வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒருக்கா திரும்பி வரும்ங்கறதை மறந்துறாதீங்க. தாது 1936-37லயும் வந்துச்சு. பஞ்சம்னு சேர்த்துச் சொன்னாத்தான் பழைய தாது.

இங்கதான் பேர் இல்லாத சென்ஸஸ் புத்தகமும் உதவுது. 1871க்கும் 1881க்கும் நடுவுல சென்னை மாகாணத்துல ஜனத்தொகை கூடாம குறைஞ்சிருக்கு. உங்க வம்சத்துல அந்தப் பத்து வருஷத்துல ஒரு கிளை அத்துப் போயிருந்தா, ஊரை விட்டுப் போயிருந்தா, காரணம் அந்தப் புத்தகத்துல எண்ணா இருக்கு. 1951, 1961 ஜில்லாக் கையேடுகள்ல ஒவ்வொரு கிராமத்துக்கும் தனியா ஜனத்தொகை போட்டிருக்காங்க. 1961ல சில கிராமங்களை மட்டும் எடுத்து ஊருக்கு ஒரு புத்தகமே போட்டாங்க. உங்க ஊர் அதுல இருந்தா உங்க அதிர்ஷ்டம்.

இதுவரைக்கும் நான் சொன்னதெல்லாம் நிலம் இருந்தவங்களுக்குங்க. நிலம் இல்லாதவங்க? பண்ணையத்துல வேலை செஞ்சவங்க பேர் பட்டாவுலயும் இல்ல, பத்திரத்துலயும் இல்ல. ஊர்ச் சரித்திரம்னு நாம பேசுறதுல பாதி ஊரைக் காணோம்னா காரணம் இதுதான். அவங்களுக்குப் பிறப்பு இறப்புப் பதிவேடு முக்கியம். கிறிஸ்தவங்களா இருந்தா சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் குடுத்த அறிக்கைக்கு அப்புறம் 1892ல இருந்து ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கினாங்க, பஞ்சமி நிலம்னு சொல்றது. அந்த ஒதுக்கீட்டுக் கணக்குலயும் பேர் இருக்கும். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடும் பாருங்க, ஆனா அதுல பொறந்த தேதியை அப்படியே நம்பிறாதீங்க, வாத்தியார் வயசுக்குத் தக்கன போட்ட தேதியா இருக்கும்.

கடல் தாண்டிப் போனவங்க விஷயம் வேற. ஒப்பந்தக் கூலியாப் போனவங்க ஒவ்வொருத்தருக்கும் அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்புல இருக்கிற தழும்பு வரைக்கும் கப்பல் பட்டியல்ல எழுதினாங்க. 1860ல சென்னையில இருந்து டர்பனுக்குப் போன ட்ரூரோ கப்பல்ல தொடங்கி நேட்டால் பட்டியல் இருக்கு. மொரிஷியஸ்ல மோகாவுல இருக்கிற மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்ல அந்த நாட்டுப் பதிவேடுகளை வெச்சிருக்காங்க. ஊர்லயே இருந்த அண்ணன் பேர் எங்கயும் இல்ல, கூலியாக் கப்பலேறின தம்பி பேர் மட்டும் இருக்கு. இலங்கைக்குக் கங்காணி மூலமாப் போனவங்களுக்கு அந்த மாதிரி பட்டியல் இல்ல. 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் திரும்பி வந்தவங்ககிட்ட குடும்ப அட்டை இருக்கும், அதுல இருந்துதான் தொடங்கணும்.

பொம்பளைங்க பேரு இன்னும் கஷ்டம். எங்க அப்பாரோட அம்மாவைப் பெரியாத்தான்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. பேர் என்னன்னு எங்க அப்பாவுக்கே தெரியாது. அவங்க வீட்டுக்காரர் சின்ன வயசுலயே போயிட்டாரு. ஒரு அடமானப் பத்திரத்துல, "மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான"ன்னு போட்டு அவங்க பேரும், கீழே அவங்க கைநாட்டும் இருந்துச்சு. பஞ்சாயத்துல நிக்க வெச்சு, கடனுக்குக் காட்டை எழுதி வாங்கின அன்னிக்குத்தான் அவங்க பேரை எழுத ஒரு ஆள் கிடைச்சிருக்கு. இப்ப எங்க வம்சாவளி நோட்டுல அவங்க பேர் இருக்கு. விதவைங்க, மைனர் பிள்ளைங்க சம்பந்தப்பட்ட பத்திரங்களை விடாமப் படிங்க. 1989ல தமிழ்நாட்டுல பொண்ணுங்களுக்கும் பூர்வீகச் சொத்துல பங்குன்னு சட்டம் வந்த பிற்பாடு, விடுதலைப் பத்திரம், வாரிசுச் சான்றுகள்ல அத்தைமாருங்க பேரெல்லாம் வரும்.

எதுல தொடங்கறதுன்னு கேட்டா, ஆபீஸுக்கு முன்னாடி ஆளைப் பாருங்க. எண்பது தாண்டினவங்க வீட்டுல இருந்தா இந்த வாரமே போன்ல பதிவு பண்ணுங்க. பழைய மொய் நோட்டு, ஜாதக ஓலை, தீர்வை ரசீது, செல்லரிச்ச பத்திரம் எதையும் வீடு இடிக்கும்போது எடைக்குப் போடாதீங்க, போட்டோ எடுத்துட்டாவது குடுங்க. பேர் கிடைச்சதும் எந்தத் தாள்ல, எந்த வருஷத்துல கிடைச்சதுன்னு பக்கத்துலயே எழுதுங்க. ஒரே ஒரு தாள்ல வந்த பேரை பென்சில்ல எழுதுங்க. ரெண்டாவது தாள்லயும் வந்தா பேனாவுல எழுதிக்கலாம்.