இடுப்பெலும்பில் ஓர் ஊசி



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் குடியாத்தத்தில் என் வீடு தேடி வந்தான். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. கையில் பெரிய ஸ்கேன் கவர். அவன் மனைவிக்குக் கழுத்தில் நெறி கட்டி, அதை எடுத்துச் சோதித்ததில் ஹாட்ஜ்கின் லிம்போமா என்று வந்திருக்கிறது. பிறகு உடம்பு முழுக்க பெட் சிடி ஸ்கேன்.

"சார், இந்த நோய்க்கு இடுப்பெலும்புல ஊசி குத்திப் பார்ப்பாங்களாமே. எங்க டாக்டர் ஸ்கேனே போதும், ஊசி வேணாம்னுட்டார். கை விட்டுட்டாங்களா சார்?"

எனக்கு உடனே பேச்சு வரவில்லை. 1987ல் எங்கள் அண்ணனுக்கு அந்த ஊசியைக் குத்தியபோது கூட நின்றவன் நான். மரத்துப்போக மருந்து கொடுத்தும், மஜ்ஜையை உறிஞ்சும் நொடியில் அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்த பிடி இன்றும் கண்ணில் நிற்கிறது. முடிவு சுத்தம் என்று வந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். எட்டு மாதத்தில் முதுகெலும்பில் வலி. நோய் அங்கே இருந்தது. அன்றே இருந்ததா, பிறகு போனதா? யாராலும் சொல்ல முடியவில்லை.

மாணவனுக்குச் சொன்ன வரலாற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

1832ல் லண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற மருத்துவர், நிணநீர்க் கணுக்களும் மண்ணீரலும் வீங்கி இறந்தவர்களைப் பற்றி எழுதினார். நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. அது எதுவரை பரவியிருக்கிறது என்பதுதான் அன்று முதல் மருத்துவர்களின் கேள்வி. 1895ல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். ஆனால் எக்ஸ்ரே வீட்டுச் சுவரைக் காட்டும், உள்ளே யார் இருக்கிறார் என்று காட்டாது. எலும்பு கணிசமாக அரித்த பிறகுதான் படத்தில் தெரியும். மஜ்ஜை உள்ளே ஒளிந்திருக்கும்.

அதனால் ஊசி வந்தது. 1920களின் இறுதியில் லெனின்கிராடில் அரின்கின் என்பவர் மார்பெலும்பில் குத்தி மஜ்ஜையை உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். 1971ல் ஜம்ஷிதி வடிவமைத்த ஊசியால் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜைத் துண்டை உருக்குலையாமல் எடுக்க முடிந்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் இந்நோயின் நான்கு கட்டங்களை வகுத்தார்கள். மஜ்ஜைக்குப் போய்விட்டால் நான்காம் கட்டம். அந்தக் காலத்தில் பரவலைப் பார்க்க வயிற்றையே கிழித்து மண்ணீரலை எடுத்த நோயாளிகளும் உண்டு.

1971 அக்டோபரில்தான் லண்டனில் ஹவுன்ஸ்ஃபீல்டின் சிடி ஸ்கேனில் முதல் நோயாளியின் மூளையைப் படம் பிடித்தார்கள். சிடி வந்ததும் வயிற்றுக்குள் வீங்கிய கணுக்கள் தெரிந்தன. மஜ்ஜை மட்டும் பிடிபடவில்லை.

ஊசியின் குறை இதுதான்: இரண்டு சென்டிமீட்டர் அளவு துண்டு, அதுவும் ஒரே இடத்தில். நோயோ மஜ்ஜையில் திட்டுத் திட்டாகப் பரவும். ஏரியில் ஒரு மூலையில் தூண்டில் போட்டு, மீன் சிக்கவில்லை என்பதால் ஏரியிலேயே மீன் இல்லை என்று சொல்ல முடியுமா?

வழி சர்க்கரையில் கிடைத்தது. புற்றணுக்கள் சர்க்கரையை அதிகம் தின்னும் என்பதை ஜெர்மனியின் வார்பர்க் 1920களிலேயே கண்டார். 1976ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் கதிரியக்க ஃப்ளோரின் சேர்த்த சர்க்கரையைத் தயாரித்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அதை முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினார்கள். அந்த ஃப்ளோரின் 110 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். சைக்ளோட்ரானில் செய்து சில மணி நேரத்துக்குள் நோயாளியிடம் சேர்க்க வேண்டும். இந்தியாவின் முதல் மருத்துவ சைக்ளோட்ரான் மும்பையில் 2002ல்தான் இயங்கத் தொடங்கியது. எங்கள் அண்ணன் காலத்தில் இந்த ஸ்கேனை நாங்கள் கேள்விப்பட்டதுகூட இல்லை.

2012ல் டென்மார்க் மருத்துவர்கள் 454 ஹாட்ஜ்கின் நோயாளிகளின் ஸ்கேனையும் ஊசி முடிவையும் ஒப்பிட்டார்கள். ஊசியால் ஒருவருக்குக்கூடச் சிகிச்சை மாறியிருக்காது. 2014ல் வெளியான லுகானோ வழிகாட்டுதல், ஹாட்ஜ்கின் நோய்க்குப் பெட் சிடி எடுத்தால் மஜ்ஜை ஊசி தேவையில்லை என்றது.

ஊசி ஒழிந்துவிடவில்லை. மெதுவாக வளரும் சில லிம்போமாக்கள் ஸ்கேனில் சரியாக ஒளிராது. அவற்றுக்கு ஊசி வேண்டும். ஒளிர்வதெல்லாம் புற்றும் அல்ல. நம் நாட்டில் காசநோயும் அப்படி ஒளிரும். படத்தைப் பார்த்து நாமே பயப்படக்கூடாது, படிக்கத் தெரிந்தவர் படிக்க வேண்டும்.

மாணவனின் ரிப்போர்ட்டில் முதுகெலும்பில் இரண்டு இடம் ஒளிர்ந்ததாக எழுதியிருந்தது. "அப்ப நாலாம் கட்டமா சார்?" என்று அழுதான். மற்ற புற்றுநோய்களைப் போல இதை நினைக்காதே, ஹாட்ஜ்கினில் நான்காம் கட்டத்திலும் பெரும்பாலோர் குணமாகிறார்கள் என்றேன். அண்ணனின் ஊசிக்கு அகப்படாமல் போனது இந்தப் படத்தில் முதல் நாளே தெரிந்துவிட்டது. அதற்கேற்ற மருந்தை முதல் நாளிலிருந்தே கொடுக்கலாம். அவளை யாரும் கை விடவில்லையப்பா, சரியாகப் பார்த்திருக்கிறார்கள் என்றேன்.

நண்பர்களே, ஒரு சோதனை வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் மருத்துவரிடம் ஏன் என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. என் வகுப்பிலும் கேள்வி கேட்ட பிள்ளைகளைத்தான் எனக்குப் பிடிக்கும்.

இரண்டு சுற்று மருந்து முடிந்ததும் அவளுக்கு மறுபடி ஸ்கேன். கவரை எடுத்துக்கொண்டு முதலில் இங்கேதான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். காத்திருக்கிறேன்.